நேசமலரின் வேனில் நான் முறுக்கிய நட்

சனிக்கிழமை காலையில் எங்கள் ஒழுங்கைக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் தெரிவது வேனுக்குக் கீழிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பாதங்கள்தான். அவை என் மனைவி நேசமலருடையவை. மிச்ச நேசமலர் வேனுக்கு அடியில், கிழிந்த சாக்கொன்றின் மேல், என்னுடைய பழைய கந்தோர்க் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துவாய் கட்டி, மல்லாந்து படுத்திருப்பாள். நான் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருப்பேன்.

"என்ன நாகேந்திரம் அண்ணை, வேன் அக்காவை விழுங்கிப்போட்டுதோ?" என்று பாண் வாங்கப் போகிறவன் கேட்பான். அவனுக்குப் பின்னால் வருகிற பெண் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். மனைவியை நிலத்தில் கிடத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கிற மனுஷனைப் பார்க்கிற பார்வை அது. எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. வேலை தெரிந்தவள் கீழே கிடக்கிறாள், தெரியாதவன் கதிரையில் இருக்கிறேன். எல்லா இடத்திலும் இந்த ஒழுங்கு இருந்திருந்தால் இந்த நாடு இப்படிக் குட்டிச்சுவராகியிராது. முப்பது வருஷம் அரசாங்கக் கந்தோரில் கோப்புத் தள்ளியவன் சொல்கிறேன், நம்புங்கள்.

இது தொண்ணூற்றேழாம் ஆண்டுக் கதை. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். வேன் நேசமலரின் தம்பி சிவமணியுடையது. ஜப்பான் வேன், கரவான் என்று பெயர். சிவமணி அதில் ஹயர் ஓடிக்கொண்டிருந்துவிட்டுத் தொண்ணூறில் கனடாவுக்குப் போனான். போகும்போது, "அக்கா, இதை வித்துப்போடுங்கோ" என்று வேன் திறப்பைக் கொடுத்தான். வாங்க ஒருவன் வந்தான். நேசமலர் அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள், கேக் கொடுத்தாள், திறப்பை மட்டும் கொடுக்கவில்லை. அவன் போனதும், "நான் ஓடப் பழகப்போறன்" என்றாள். அவளுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. தட்டெழுத்து வேலை பார்த்த கொம்பனி மூடப்பட்டு வீட்டில் இருந்தவள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அது நான் விட்ட முதல் பிழை. இந்தக் கதையில் இன்னொன்று வருகிறது. அது இதைவிடப் பெரியது.

ஆறு மாதத்தில் லைசன்ஸ் எடுத்தாள். அடுத்த வருஷம் ஸ்கூல் வேன் ஓடத் தொடங்கினாள். கொட்டாஞ்சேனையில் இருந்த எத்தனையோ குடும்பங்கள் வெள்ளவத்தைக்கு வீடு மாறி வந்தார்கள், ஆனால் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மாற்ற அவர்களுக்கு மனம் வரவில்லை. கொட்டாஞ்சேனை மேட்டில் இருக்கிற கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடம் அது. காலை ஆறு பத்துக்குப் பதினொரு பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டால், காலி வீதி, கொம்பனித்தெரு, மருதானை என்று சுற்றி ஏழேகாலுக்கு அங்கே இறக்குவாள். மத்தியானம் திரும்பவும் போய் ஏற்றி வருவாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. யாராவது அதைத் தோண்டித் துருவிக் கேட்டால், "ஏன் இல்லை? பதினொண்டு இருக்கு" என்பாள். முதலில் அதைப் பகிடியாகத்தான் சொன்னாள். பிறகு அது பகிடியாக இருக்கவில்லை. எந்தப் பிள்ளைக்கு வேன் ஓடும்போது சத்தி வரும், எது சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டு வரும், எது கணக்குச் சோதனை அன்று வயிற்றுவலி என்று நடிக்கும் எல்லாம் அவளுக்குத் தெரியும்.

பிரேக் விஷயத்தை அவள் கற்றது கொட்டாஞ்சேனையில் றொபேட் பாஸின் கராஜில். முதல் வருஷம் அவனிடம்தான் கொண்டுபோவாள். அவன் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று அது ஏன், இது ஏன் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒருநாள் அவன் ஸ்குறூ டிறைவரை அவள் கையில் வைத்து, "இந்தாங்க அக்கா, நீங்களே செய்ங்க. என் உசிர வாங்காதீங்க" என்றான். அதோடு சரி. பிறகு அவளேதான்.

நான் எத்தனையோ சனிக்கிழமை பார்த்ததால் எனக்கும் வாய்ப்பாடம். பின் சில்லுக்குள்ளே சட்டி கவிழ்த்ததுபோல ஒரு இரும்புக் கூடு இருக்கிறது. அதுதான் டிறம். அதற்குள்ளே பிறை வடிவில் இரண்டு பிரேக் சூ. பிரேக்கை மிதித்தால் அந்தச் சூ இரண்டும் விரிந்து டிறத்தை உள்ளிருந்து அமத்திப் பிடிக்கும், சில்லு நிற்கும். ஓட ஓடச் சூ தேயும். தேய்ந்தால் இடைவெளி கூடும், பிரேக் பதிந்து போகும். அந்த இடைவெளியைத்தான் அவள் சரி செய்வாள். முன் சில்லுகளுக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, ஒரு பின் சில்லை ஜக்கில் தூக்குவாள். உள் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை. அதற்குள் ஸ்குறூ டிறைவரை விட்டுப் பற்கள் வைத்த ஒரு குட்டிச் சக்கரத்தைக் கடக், கடக் என்று திருப்புவாள். சில்லு கையால் சுற்ற ஏலாமல் இறுகும்வரை திருப்பி, "மிதியுங்கோ!" என்பாள். நான் கோப்பையை வைத்துவிட்டு ஓடிப்போய் பிரேக்கை ஒருதரம் மிதிப்பேன். முழு வேலையிலும் என் பங்கு அதுதான். பிறகு ஒவ்வொரு பல்லாகத் தளர்த்திச் சில்லைச் சுற்றிவிட்டு, டயரில் காதை வைத்துக் கேட்பாள். சில்லு தாராளமாகச் சுற்றவேண்டும், உள்ளே மெல்லிய உரசல் சத்தம் ஒன்று மட்டும் கேட்கவேண்டும். அந்தச் சத்தம் வந்தால் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் நான் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பேன் என்பதை இவ்வளவு காலமும் அவளுக்குச் சொன்னதில்லை.

ஹேண்ட் பிரேக்கும் அதே பின் சூவைத்தான் இழுக்கிறது, ஒரு கேபிள் வழியாக. அந்தக் கேபிளை இறுக்க ஒரு நட் இருக்கிறது. றொபேட்டின் சட்டம் ஒன்றே ஒன்றுதான். முதல் சில்லு, பிறகு கேபிள். சில்லைச் சரி செய்தால் கேபிள் தானாகச் சரியாகும், பெரும்பாலும் தொடவே தேவையில்லை. கேபிளை வீணாக முறுக்கினால் சூ டிறத்தோடு உரசிக்கொண்டே ஓடும். உரசினால் சூடேறும். சூடு மிஞ்சினால் கால் பிரேக் நிலத்துக்குப் போய்விடும்.

ஆனால் அந்தக் காலத்துக் கொழும்புத் தமிழ் வேன்காரர் எல்லாரும் செய்தது அதைத்தான். காரணம் செக்பொயின்ற். யுத்தம் நடக்க, ஆமி ரோட்டை மறித்து வாகனங்களைச் சோதித்த காலம் அது. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஏழு செக்பொயின்ற். ஒவ்வொன்றிலும் வேனை நிறுத்தி, இரண்டு கையையும் ஸ்டியறிங்கிலிருந்து எடுத்து, அடையாள அட்டையை நீட்டவேண்டும். அந்த நேரம் பயத்தில் கால் வழுக்கி வேன் ஒரு அடி முன்னுக்கு உருண்டாலும் போதும், கதை முடிந்தது. அதனால் எங்கள் ஆட்கள் நின்ற உடனே ஹேண்ட் பிரேக்கைக் கூரைமட்டும் இழுப்பார்கள். இழுத்து இழுத்து அது தளர்ந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தலையில் எண்ணெய் வைக்கிறதுபோல கேபிள் நட்டை இரண்டு சுற்று முறுக்கிவிடுவார்கள். சிங்கள டிரைவர்மார் இப்படிச் செய்து நான் கேள்விப்படவில்லை. அவர்களுக்கு அந்த நடுக்கம் இல்லை.

தைப்பொங்கல் முடிந்த அடுத்த கிழமை நேசமலர் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு திரிந்தாள். ஹேண்ட் பிரேக் இழுத்து இழுத்துக் கை நோகிறது என்றாள். எனக்கு மனம் கேட்கவில்லை. தேத்தண்ணிக் கடையில் ஒரு வேன்காரரிடம் சொன்னேன். "இதென்ன அண்ணை பெரிய வேலை? நட்டை ரெண்டு சுத்து முறுக்கிவிடுங்கோ. நாங்கள் எல்லாரும் அப்பிடித்தான்" என்றார்.

சனிக்கிழமை நேசமலர் வழக்கம்போல இரண்டு சில்லையும் சரி செய்திருந்தாள். ஞாயிறு காலை அவள் கோவிலுக்குப் போன நேரம் நான் வேனில் ஏறி ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பார்த்தேன். ஐந்து கடக்கில் நின்றது. நல்லாய்த்தான் இருந்தது. ஐந்தில் நிற்பது நல்லதென்றால் மூன்றில் நிற்பது இன்னும் நல்லதுதானே என்று இந்தப் பென்சன்காரனின் மூளை யோசித்தது. ஸ்பனரை எடுத்து இரண்டு சுற்று முறுக்கினேன். மூன்று கடக். கையில் கிறீஸ் பட்டது. அதை உடனே கழுவாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அவளிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை வந்து, "என்னப்பா, இண்டைக்கு ஹேண்ட் பிரேக் சோக்காய் இருக்கு" என்பாள், அப்போது சொல்லலாம் என்று வைத்திருந்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

திங்கட்கிழமை நடந்ததை அவள் சொல்லித்தான் அறிந்தேன். புறப்பட்டதிலிருந்து வேன் பாரமாக ஓடியிருக்கிறது. புதுத் தவணை, புத்தகப் பைகள் கனம் என்று நினைத்திருக்கிறாள். மருதானை தாண்ட ஏதோ கருகுகிற மணம். ரோட்டில் யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று விட்டுவிட்டாள். கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூடத்து ஏற்றத்துக்கு முதல் ஒரு இறக்கம் இருக்கிறது. இறக்கத்தின் அடியில், தார்ப் பீப்பாய்களை ரோட்டில் வைத்து மறித்து, ஒரு செக்பொயின்ற். அங்கே பிரேக்கை மிதித்தாள். கால் நிலத்துக்குப் போனது. திரும்ப மிதித்தாள், ஒன்றும் இல்லை. மூன்றாந்தரம் மிதித்துக்கொண்டே ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வேனை மதில் பக்கம் ஒடித்தாள். பீப்பாய்களுக்கு நடுவால் போய், ஒரு வேன் நீளம் தாண்டித்தான் நின்றது.

சென்றியில் காவல் நின்ற ஆமிப் பெடியன் துவக்கைத் தூக்கிவிட்டான். நேசமலர் இரண்டு கையையும் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, "மல்லி, வெடி தியன்ன எப்பா! லமயி இன்னவா!" என்று கத்தியிருக்கிறாள். தம்பி, சுடவேண்டாம், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று. பின்னால் பதினொன்றும் ஒரே குரலில் அழுகை. துவக்கு மெல்லக் கீழே இறங்கியது. அவள் இறங்கி அந்தப் பெடியனைக் கையெடுத்துக் கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்து ஏற்றத்தில் நடத்திக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டாள். மத்தியானம் வந்து கூட்டிப்போகச் சொல்லி அங்கிருந்தே பெற்றோருக்கு ரெலிபோன் எடுத்தாள். வேன் ஆறியதும் பிரேக் கொஞ்சம் திரும்பி வந்தது. வெறும் வேனை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிக்கொண்டு ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்தாள்.

வந்து கட்டிலில் இருந்தாள். "சனிக்கிழமை எங்கையோ பிழை விட்டிட்டனப்பா. ரெண்டு பல்லுக் கூட இறுக்கிப்போட்டன் போலை. பின் சில்லிலை கை வைக்க ஏலாது, அவ்வளவு சூடு" என்றாள்.

சூடு என்ற அந்த ஒரு சொல் காணும் எனக்கு. றொபேட்டின் சட்டத்தை நான் நூறுதரம் கேட்டவன். உடனே விளங்கிவிட்டது. ஐயோ கடவுளே, அது நான் என்று வாய் திறந்து சொல்லவேண்டிய இடம் அது. நான் சொன்னது, "தேத்தண்ணி போடட்டே?" என்பது. காலை ஒன்பதரையிலிருந்து பின்னேரம் ஐந்து மணிவரை நான் நாலுதரம் தேத்தண்ணி போட்டேன். கோழைக்கு வேறென்ன தெரியும்? ஒரு திருகாணி கழன்றாலும் உடனே வேனுக்கடியில் போகிறவள் அன்று வேன் பக்கம் போகவே இல்லை. தன்னுடைய இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்தும் நான் சொல்லவில்லை.

ஐந்து மணிக்குப் பெற்றோர் வந்தார்கள். நாலு தகப்பன்மாரும், ஸாலிஹ் முதலாளியின் மனைவி பைறோஸாவும். கோட்டையில் வங்கியில் வேலை செய்கிற சவுந்தரநாயகம்தான் தலைவர். அவருடைய இரண்டு மகள்மாரும் எங்கள் வேன்தான். மரியாதையான மனுஷன். கையைக் கட்டிக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"மிஸிஸ் நாகேந்திரம், உங்களிலை ஒரு குறையும் சொல்ல வரேல்லை. பிள்ளையளிலை உங்களுக்கு எவ்வளவு பட்சம் எண்டு எங்களுக்குத் தெரியும். ஆனா பாருங்கோ, பிரேக் எண்டுறது விளையாட்டில்லை. ஒரு பெம்பிளை தானே திருத்தி, தானே ஓடி... இண்டைக்கு ஏதும் நடந்திருந்தா? நாங்கள் ஒரு முடிவெடுத்திட்டம். வேன் உங்கட வேன்தான். ஓடுறதுக்கு ஒரு ஆம்பிளை டிரைவரைப் போடுவம். நான் ஆள் பாத்து வைச்சிருக்கிறன்."

மற்றத் தகப்பன்மார் தலையாட்டினார்கள். பைறோஸா மட்டும் நிலத்தைப் பார்த்தபடி, "எனக்கும் பயம் ஈக்கிதான். ஆனா ஹபீலா அழுகிறா, நேசமலர் ஆன்ட்டிதான் வேணுமாம்" என்றார். ஹபீலா அவர் மகள், மூன்றாம் வகுப்பு.

நேசமலர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "நீங்கள் சொல்லுறது சரி. பிழை என்ரதான். நான் இனி ஓடேல்லை" என்று எழும்பிப் போய், ஆணியில் தொங்கிய வேன் திறப்பை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால்கூட நான் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருப்பேனோ தெரியாது. அந்தத் திறப்பு மேசையில் பட்ட சத்தத்தில் எழும்பிவிட்டேன்.

"பிழை அவளின்ரை இல்லை," என்றேன். "நான்தான் செய்தனான். ஞாயிற்றுக்கிழமை இவளுக்குத் தெரியாமல் ஹேண்ட் பிரேக் கேபிளை முறுக்கினது நான். ரெண்டு சுத்து. அதாலைதான் சூடேறினது. காலமை தொடக்கம் தெரியும், சொல்லப் பயந்துபோய் இருந்தனான்."

நேசமலர் என்னைப் பார்த்தாள். பிறகு சவுந்தரநாயகம் சிரித்தார். உண்மையாகவே வாய் நிறையச் சிரித்து, என் முதுகில் தட்டினார்.

"அட, இவ்வளவுதானே அண்ணை! நாங்கள் என்னவோ ஏதோ எண்டு பயந்துபோனம். மனிசியின்ரை கை நோவுக்கு உதவி செய்யப் போயிருக்கிறியள். மனுசன் எண்டா ஒரு பிழை விடுறதுதானே! சரி, சரி, நட்டைத் தளத்திவிட்டாச் சரி. நாளைக்கு வழமைபோல வேன் வரட்டும்."

மற்றத் தகப்பன்மாருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. ஒருவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தார். எனக்கும், உண்மையைச் சொன்னால், பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. நானும் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தேன்.

"ஒரு நிமிசம்," என்றாள் நேசமலர்.

அவளுக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். அன்று இரண்டு காதும் சிவந்திருந்தன.

"அஞ்சு நிமிசத்துக்கு முதல் பிழை என்ரை எண்டுதானே நினைச்சியள்? நானும் அப்பிடித்தான் நினைச்சன். அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை, மனிசி எண்டா ஒரு பிழை விடுறதுதானே எண்டு? எனக்கு ஆம்பிளை டிரைவர். இவருக்கு முதுகிலை தட்டு. ஆறு வருசம் ஓடியிருக்கிறன் தம்பி, ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழேல்லை."

சவுந்தரநாயகத்தின் சிரிப்பு நின்றது. கோப்பையை எடுத்தவர் குடிக்காமலே திரும்ப வைத்தார்.

"சரியாக் கேட்டீங்க," என்றார் பைறோஸா. இப்போது அவர் நிலத்தைப் பார்க்கவில்லை.

நேசமலர் மேசையிலிருந்த திறப்பைத் திரும்ப எடுத்தாள். "நாளைக்கு வேன் வராது. டிறம்மைக் கழட்டி உள்ளுக்கை பாக்காமல் நான் பிள்ளையளை ஏத்தமாட்டன். புதன்கிழமை ஆறு பத்துக்கு வருவன். விருப்பமான ஆக்கள் அனுப்புங்கோ, விருப்பமில்லாட்டி விடுங்கோ. இவரும் என்னோடை வருவார். அந்தச் சென்றிப் பெடியனிட்டை இவரே போய் மன்னிப்புக் கேக்கவேணும். நான் செய்யாத பிழைக்கு நான் கும்பிட்டது காணும்."

"அப்ப நானும் வாறன்," என்றார் சவுந்தரநாயகம். "கோவிக்காதேங்கோ. தகப்பன் எண்ட முறையிலை பிரேக்கை ஒருக்கால் என்ர கண்ணாலை பாக்கவேணும்."

"வாங்கோ. முன் சீற்றிலை இடம் இருக்கு."

செவ்வாய்க்கிழமை முழுநாளும் நான் ஏச்சு வாங்கினேன். டிறம்மைக் கழற்றும்போது ஏச்சு, சூவைத் தேய்க்கும்போது ஏச்சு, கேபிள் நட்டைத் தளர்த்தும்போது விசேஷமான ஏச்சு. "கோதாரி விழுந்த மூளை, ஐஞ்சு காணாதெண்டு மூண்டு வேண்டிக் கிடந்ததோ?" ஒழுங்கை முழுக்கக் கேட்டது. பாண்காரன்கூடச் சைக்கிளை நிறுத்தி நின்று கேட்டான். நான் ஸ்பனரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பத்து மணியளவில் ஏச்சு ஓய்ந்தது. வேனுக்கடியிலிருந்து வேறு குரலில் கேட்டாள்.

"ஏனப்பா எனக்குச் சொல்லாமல் செய்தனீங்கள்?"

"நீ சந்தோசப்படுவாய் எண்டு."

பற்சக்கரம் கடக், கடக் என்று திரும்புகிற சத்தம் கேட்டது. பிறகு, "மிதியுங்கோ," என்றாள். ஓடிப்போய் மிதித்தேன்.

புதன்கிழமை காலை. ஆறு பத்துக்கு முதல் வாசலில் நேசமலர் ஹோர்ன் அடித்தபோது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. பிள்ளை நின்றது. இரண்டாம் வாசலிலும் நின்றது. ஹபீலா ஓடிவந்து ஏறினாள். பதினொன்றில் ஒன்பது வந்தன. வராத இரண்டு வீட்டு வாசலிலும் அவள் ஒருதரம் ஹோர்ன் அடித்துவிட்டு வேனை எடுத்தாள். சவுந்தரநாயகம் மகள்மாரைப் பின்னால் ஏற்றிவிட்டு, டையும் கைப்பையுமாக முன் சீற்றில் எனக்குப் பக்கத்தில் வந்து நெருங்கி இருந்தார்.

ஆறு வருஷத்தில் நான் அந்தப் பயணம் போனது அதுதான் முதல்தரம். வெட்கக்கேடு, ஆனால் உண்மை. ஒவ்வொரு செக்பொயின்றிலும் நான் அட்டையை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டிருந்தேன். நேசமலர் கண்ணாடியை இறக்கி, முகத்தை வெளியே காட்டி, "குட் மோர்னிங் மல்லி" என்றாள். ஒருத்தனிடம் காய்ச்சல் சுகமா என்று கேட்டாள். இன்னொருத்தன் ஏன் நேற்று வரவில்லை என்று அவளைக் கேட்டான். எங்கேயும் அரை நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை.

இறக்கம் வந்தது. சவுந்தரநாயகத்தின் வலது கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன், ஏனென்றால் என் காலும் அதையேதான் செய்தது. வேன் மெல்ல இறங்கிப் பீப்பாய்க்கு ஒரு முழம் இருக்கும்போது, பிள்ளைகள் முன்னுக்குச் சாயக்கூட இல்லாமல் நின்றது. நேசமலர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள்.

இறங்கினேன். கைகளைத் தெரியும்படி வைத்துக்கொண்டு நடந்தேன். சென்றியில் நின்றது அதே பெடியன். இருபது, இருபத்தொரு வயதிருக்கும், மீசை சரியாக அரும்பவில்லை. சிங்களத்தில் சொன்னேன். திங்கட்கிழமை இந்த வேனுக்கு நடந்தது அக்காவின் பிழை இல்லை, புருஷனான என் பிழை, தெரியாமல் ஒரு நட்டை முறுக்கிவிட்டேன், மன்னிக்கவேண்டும் என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. துவக்கைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு வேன் கண்ணாடியைப் பார்த்தான். "அக்காகே மூண தெக்கா," என்றான்.

அக்காவின் முகத்தைக் கண்டேன் என்று. பிறகு மெதுவாகச் சொன்னான். "ஐயா, மறித்த இடத்தில் நிற்காமல் வருகிற வாகனத்தைச் சுடவேண்டும். எங்களுக்கு ஓடர் அது. விரலை வைத்துவிட்டேன். கண்ணாடிக்குள் ஒவ்வொரு நாளும் பார்க்கிற முகம். அதனால்தான் கை நின்றது. தெரியாத டிரைவர் யாராவது ஓட்டி வந்திருந்தால் நான் சுட்டிருப்பேன். இரண்டு நாளாக எனக்கு நித்திரை இல்லை."

சவுந்தரநாயகம் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். வங்கியில் இருபது வருஷம் இருந்தவருக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தப்பாது. அவர் மெல்லத் திரும்பிப் பின் சீற்றைப் பார்த்தார். அவருடைய சின்ன மகள் பக்கத்துப் பிள்ளையின் பின்னலைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் அந்தப் பெடியனின் கையைப் பிடித்தேன். ரோட்டு நடுவில், அந்த வயதில், எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் திகைத்துப்போய், "யன்ன ஐயா, யன்ன", போங்கள் ஐயா என்று என்னை வேனுக்கு அனுப்பினான். ஏறி இருந்தேன். நேசமலருக்கும் எல்லாம் கேட்டிருந்தது. அவள் ஹேண்ட் பிரேக்கை இறக்கி, கியரைப் போட்டு, ஏற்றத்தில் வேனை ஏற்றினாள்.

பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கோட்டைக்குக் கிட்ட சவுந்தரநாயகம் இறங்கினார். கதவைச் சாத்தினார், போகவில்லை. வீதியைச் சுற்றி டிரைவர் பக்கத்துக் கண்ணாடிக்கு வந்து நின்றார். அவர் ஏதோ பெரிதாகச் சொல்ல வாயெடுத்தது தெரிந்தது. பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தான்.

"அக்கா, நாளைக்கும் ஆறு பத்துக்குத்தானே?" என்றார்.

"ஆறு பத்து. பிள்ளையள் ரெண்டையும் வெளிக்கிடுத்தி வாசலிலை விடுங்கோ தம்பி, பிந்தினால் நிக்கமாட்டன்," என்றாள் நேசமலர்.